தட்டச்சுக் கட்டளைகளால் தொலைநோக்கியின் சிசிடி கேமராவை இயக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த மாணவர்களும் பெற்றோர்களும் வானம் தெளிந்த சனிக்கிழமை இரவுகளில் தமிழ்ப்பள்ளித் திடலில் கூடி, 8 அங்குலத் தொலைநோக்கியில் சிசிடி கேமராவைப் பொருத்தி விண்மீன்களைப் படமெடுத்து வருகிறோம். கேமராவைக் கணினியில் தட்டும் கட்டளைகளாலேயே இயக்குகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதே ஐயங்களையே எழுப்புவதால், அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை வைத்து விடைகளைத் தொகுத்திருக்கிறேன்.

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ‘இன்டி’ என்று தொடங்கும் கட்டளைப் பெயர்கள் முழுவதும் சிறிய எழுத்து. கேமராவின் பண்புப் பெயர்கள் முழுவதும் பெரிய எழுத்து. ஆன், ஆஃப் ஆகிய மதிப்புகளில் முதலெழுத்து மட்டும் பெரியது.

சிசிடி என்றால் என்ன சார்? என் கைத்தொலைபேசிக் கேமராவும் அதுவும் ஒன்றுதானா?

இரண்டும் ஒளியை மின்னூட்டமாக மாற்றுகின்றன. ஆனால் அந்த மின்னூட்டத்தை அளந்து வெளியே கொண்டுவரும் முறை வேறு. சிசிடி உணரியில் இலட்சக்கணக்கான படப்புள்ளிகள் வரிசை வரிசையாக உள்ளன. பால்மரக் காட்டில் ஒவ்வொரு மரத்து மங்கிலும் சேர்ந்த பாலை நிரை நிரையாக எடுத்துவந்து ஒரே இடத்தில் நிறுப்பதைப் போல, ஒவ்வொரு புள்ளியிலும் சேர்ந்த மின்னூட்டம் வரிசை வரிசையாக நகர்த்தப்பட்டு, உணரியின் ஓரத்தில் இருக்கும் ஒரே அளவியால் அளக்கப்படுகிறது. கைத்தொலைபேசியில் இருக்கும் சிமோஸ் உணரியில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி மின்பெருக்கி உண்டு.

பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் 1969-இல் சிசிடியை உருவாக்கினார்கள். அதற்காக 2009-இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். நம் கேமராவில் இருப்பது கோடாக் நிறுவனம் வடிவமைத்த கேஏஎஃப்-8300 என்னும் உணரி. அதில் 3326 × 2504 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் அகலம் 5.4 மைக்ரான்.

சன்னலைத் திறந்து பொத்தானை அழுத்தினால் போதாதா? எதற்குத் தட்டச்சு செய்ய வேண்டும்?

பொத்தான் உள்ள மென்பொருள்களும் நல்லவையே. அவற்றைப் பயன்படுத்துவோரைத் தடுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. இருப்பினும், தட்டிய கட்டளை எழுத்தாக நிற்கிறது. நேற்று இரவு என்ன வெப்பநிலையில், எத்தனை விநாடி, எந்த வகைப் படம் எடுத்தோம் என்பதைப் படிவம் நான்கு படிக்கும் மாணவி மறுநாள் காலையில் வரிக்கு வரி படித்துப் பார்க்கலாம். அடுத்த வாரம் அதையே மாறாமல் திரும்பச் செய்யலாம். எந்தப் பொத்தானை எப்போது அழுத்தினோம் என்பதோ மறந்துவிடும்.

இன்னொரு காரணம், திடலில் இணைப்பு மெதுவாக இருக்கிறது. ஒரு கட்டளை வரி சில பத்து எழுத்துகளே. தொலைவில் உள்ள கணினியின் முழுத் திரையையும் வைஃபை வழியாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டிய தேவையில்லை.

வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினி போதுமா அண்ணா?

போதும். லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியிலும் வானியல் கருவிகளை இயக்கும் இன்டி என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவலாம். இந்த விடைகள் எல்லாம் அதைக் கொண்டே எழுதப்பட்டவை. கவனிக்க வேண்டியது கம்பியின் நீளம். யூஎஸ்பி 2.0 கம்பி 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. எனவே ஒரு சிறிய ராஸ்பெர்ரி பை கணினியைத் தொலைநோக்கியின் முக்காலியிலேயே கட்டிவிட்டு, கேமராவை அதோடு குட்டையான கம்பியால் இணைத்து, மடிக்கணினியிலிருந்து வைஃபை வழியாக எஸ்எஸ்எச் (தொலைவில் உள்ள கணினியில் கட்டளை தட்ட உதவும் இணைப்பு) கொண்டு உள்ளே நுழைந்து கட்டளை தட்டுகிறோம்.

மின்சாரக் கம்பியும் அப்படியே. குளிரூட்டி ஓடும்போது கேமரா சில ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய, நீளமான 12 வோல்ட் கம்பியில் அழுத்தம் விழுந்து, கேமரா நடு இரவில் காரணம் தெரியாமல் துண்டித்துக்கொள்ளும். புதியவர்கள் மென்பொருளைச் சந்தேகித்து நேரத்தை வீணாக்கும் இடம் இதுதான். முதலில் கம்பியைப் பாருங்கள்.

சர்வர், டிரைவர், கட்டளை என்று மூன்று சொல்கிறீர்கள். எது எங்கே ஓடுகிறது என்றே புரியவில்லை.

டிரைவர் என்பது குறிப்பிட்ட கேமராவின் மொழி தெரிந்த சிறு நிரல். இன்டிசர்வர் அந்த டிரைவரைத் தொடக்கி வைத்து, 7624 என்னும் துறையில் (போர்ட், அதாவது பிற நிரல்கள் அதை அணுகும் வாயில் எண்) காத்திருக்கும். நாம் தட்டும் கட்டளை அந்தத் துறையை அணுகி, செய்தியைக் கொடுத்துவிட்டு முடிந்துவிடும். முதல் இரண்டும் இரவு முழுவதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது ஒரு நொடிக்குள் வந்து போவது.

நமக்கு அன்றாடம் வேண்டியவை இரண்டே கட்டளைகள். ‘இன்டி_கெட்ப்ராப்’ கேமராவிடம் கேட்பது. ‘இன்டி_செட்ப்ராப்’ கேமராவுக்குச் சொல்வது. கேமராவின் ஒவ்வொரு பண்பும் கருவியின் பெயர், பண்பின் பெயர், கூறின் பெயர் என்று புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகளாக எழுதப்படும். எதையும் சேர்க்காமல் இன்டி_கெட்ப்ராப் என்று மட்டும் தட்டினால் எல்லாப் பண்புகளும் அவற்றின் தற்போதைய மதிப்புகளோடு திரையில் வரும். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் அந்தப் பட்டியலிலிருந்தே நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லிவிட்டால் நடந்துவிட்டது என்று நம்பாமல், ஒவ்வொரு செட்ப்ராப்பிற்குப் பிறகும் ஒரு கெட்ப்ராப் தட்டும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுமாறு அன்புடன் வற்புறுத்துகிறேன். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கம் இருந்தால் தலைகாட்டாது.

மூன்று வாரமாக மழை. கேமரா இல்லாமல் வீட்டிலேயே பழக முடியுமா?

முடியும், பழகவும் வேண்டும். இன்டியுடன் போலிக் கேமரா ஒன்றின் டிரைவரும் வருகிறது. அது உண்மைக் கேமராவைப் போலவே கட்டளைகளை ஏற்றுக்கொண்டு, படக்கோப்பையும் உருவாக்கிக் கொடுக்கும். ஒரு சாளரத்தில் இதைத் தட்டுங்கள்:

இன்டிசர்வர் இன்டி_சிமுலேட்டர்_சிசிடி

அதை ஓடவிட்டு, இன்னொரு சாளரத்தில் இணைப்பை ஏற்படுத்துங்கள்:

இன்டி_செட்ப்ராப் "சிசிடி சிமுலேட்டர்.கனெக்ஷன்.கனெக்ட்=ஆன்"

இணைக்கும் முன்பும் இணைத்த பின்பும் இன்டி_கெட்ப்ராப் தட்டி, பட்டியல் எப்படி நீள்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இணைக்காத நிலையில் சில பண்புகளே தெரியும். இணைத்த பிறகே ஒளிபடும் நேரம், வெப்பநிலை முதலியவை தோன்றும். வெளிச்சமான அறையில் உட்கார்ந்து இதைப் பழகியவர்களே இருட்டில் பதற்றமில்லாமல் வேலை செய்கிறார்கள்.

நீங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே தட்டினேன், பிழை என்று வருகிறது.

மூன்று காரணங்களைப் பாருங்கள். இணைப்பு மறுக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் இன்டிசர்வர் ஓடவில்லை என்று பொருள். அந்தப் பண்பு இல்லை என்ற பொருளில் வந்தால், கருவி இன்னும் இணைக்கப்படவில்லை, அல்லது பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருக்கிறது.

மூன்றாவது, மேற்கோள் குறி. கருவியின் பெயரில் இடைவெளி இருப்பதால் மேற்கோள் குறி இல்லாவிட்டால் லினக்ஸ் அதை இரண்டு தனிச் சொற்களாக உடைத்துவிடும். ஒரே பண்பின் பல கூறுகளை ஒரே வரியில் மாற்றும்போது அரைப்புள்ளி இடுவோம்; மேற்கோள் குறிக்கு வெளியே நிற்கும் அரைப்புள்ளியை லினக்ஸ் ஒரு கட்டளையின் முடிவாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே புள்ளியிட்ட பெயர் தொடங்குவதிலிருந்து மதிப்பு முடிவது வரை முழுவதையும் மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். வாட்சாப்பில் வந்த கட்டளையை நகலெடுத்தால் வளைந்த மேற்கோள் குறிகள் வந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. அவற்றை நீக்கிவிட்டு நேரான குறிகளைத் தட்டுங்கள்.

சரி, முதல் படத்தை எப்படி எடுப்பது?

ஒளிபடும் நேரத்தை விநாடியில் கொடுத்தால் போதும். கொடுத்த உடனே கேமரா படமெடுக்கத் தொடங்கிவிடும்.

இன்டி_செட்ப்ராப் "சிசிடி சிமுலேட்டர்.சிசிடி_எக்ஸ்போஷர்.சிசிடி_எக்ஸ்போஷர்_வேல்யூ=5"

உடனே அதே பண்பை இன்டி_கெட்ப்ராப் கொண்டு கேளுங்கள். 5, 4, 3 என்று மீதி விநாடிகள் குறைந்துகொண்டே வருவதைக் காணலாம். பண்பின் பெயரை அடுத்து, கூறின் இடத்தில் அடிக்கோட்டுடன் ‘_ஸ்டேட்’ என்று எழுதிக் கேட்டால் அதன் நிலை தெரியும். படம் எடுபடும்போது ‘பிஸி’, முடிந்ததும் ‘ஓகே’, ஏதாவது கோளாறு என்றால் ‘அலர்ட்’ என்று விடை வரும். உண்மைக் கேமராவில் இதே கட்டளைதான். கருவியின் பெயர் மட்டும் மாறும்.

படம் எடுத்து முடித்தது, ஓகே என்றும் சொன்னது. ஆனால் கோப்பை எங்கே தேடியும் காணோம்!

மிக அதிகமாக வரும் கேள்வி இது. இன்டி தொடக்க நிலையில் படத்தை வட்டில் எழுதாது. தன்னோடு இணைந்திருக்கும் மென்பொருளிடம் அனுப்பவே பார்க்கும். நாம் தட்டிய கட்டளையோ வேலை முடிந்ததும் போய்விட்டது. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் படம் அழிந்துபோயிருக்கும். அதை மீட்க வழியில்லை.

எனவே முதல் படத்திற்கு முன்பே ‘அப்லோட்_மோட்’ என்னும் பண்பில் ‘அப்லோட்_லோக்கல்’ என்னும் கூறை ஆன் செய்யுங்கள். அடுத்து ‘அப்லோட்_செட்டிங்ஸ்’ என்னும் பண்பில் கோப்புறையின் முழு முகவரியையும், கோப்புப் பெயரின் முன்பகுதியையும் அரைப்புள்ளியிட்டு ஒரே கட்டளையில் கொடுங்கள். முன்பகுதியில் எக்ஸ் என்னும் பெரிய எழுத்தை மூன்று முறை எழுதினால், அந்த இடத்தில் 001, 002 என்று வரிசை எண் தானாக வந்து அமரும். இந்த அமைப்புகள் அடுத்த முறையும் நிலைக்க வேண்டுமானால் ‘கான்ஃபிக்_பிராசஸ்’ பண்பில் ‘கான்ஃபிக்_சேவ்’ என்பதை ஆன் செய்து சேமித்துவிட வேண்டும்.

நம் ஊர்ச் சூட்டில் கேமராவை எவ்வளவு குளிர்விக்கலாம்?

சிசிடி உணரி ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் மின்னூட்டத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். உணரியைக் குளிர்விக்கக் குளிர்விக்க இந்த இருள் மின்னோட்டம், ஏறக்குறைய 6 பாகைக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். சுங்கை சிப்புட்டில் இரவு 26 பாகை செல்சியஸ் இருக்கும்போது உணரியை −5 பாகைக்குக் கொண்டுவந்தால் வேறுபாடு 31 பாகை. இருள் மின்னோட்டம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகிவிடும். குளிர்நாட்டு வழிகாட்டிகள் −20 அல்லது −25 என்று எழுதுவதைப் பார்த்து நாமும் அதையே கொடுக்கக்கூடாது. கேமராவின் குளிரூட்டி சுற்றுப்புறத்தைவிட இத்தனை பாகை என்றுதான் இறக்க முடியும். அதற்கென்று ஓர் எல்லை உண்டு.

‘சிசிடி_டெம்பரேச்சர்’ பண்பில் −5 என்று கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். இறங்குவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். பிறகு வெப்பநிலையையும், கேமரா தெரிவிக்குமானால் குளிரூட்டியின் ஆற்றல் விழுக்காட்டையும் கேளுங்கள். ஆற்றல் 100 விழுக்காட்டிலேயே நின்றால் குளிரூட்டி தன் எல்லையில் திணறுகிறது. இரவுக் காற்று ஒரு பாகை கூடினாலும் வெப்பநிலை நழுவிவிடும். 80 விழுக்காட்டிற்குக் கீழே நிலைக்கும் வெப்பநிலையையே நான் தேர்ந்தெடுப்பேன். மிகக் குளிர்ந்த உணரியைவிட, இரவு முழுவதும் மாறாத உணரியே நமக்கு வேண்டும்.

படத்தின் நடுவில் மங்கலாக வட்டம் தெரிகிறது. கண்ணாடி அழுக்கா?

பெரும்பாலும் ஈரம். நம் இரவுக் காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் 90 விழுக்காட்டைத் தாண்டும். 25 பாகைக் காற்றில் 95 விழுக்காடு ஈரம் இருந்தால், 24 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியத் தொடங்கிவிடும். தொலைநோக்கியின் முன்கண்ணாடியில் படிந்தால் படம் முழுவதும் மங்கும். விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் வரும். அதற்குக் கண்ணாடியைச் சுற்றிக் கட்டும் சூடேற்றிப் பட்டை உதவும்.

படத்தின் நடுவில் மட்டும் தெரிந்து, குளிர்விக்கும்போது வளர்ந்து, சூடேறியதும் மறைந்தால், ஈரம் உணரி அறைக்குள்ளேயே இருக்கிறது. அப்படியானால் குளிர்விப்பதை அன்றிரவு நிறுத்திவிட்டு, கேமராவின் ஈர உறிஞ்சியைக் கையேட்டில் சொன்னபடி வெளியே எடுத்துச் சூடாக்கி உலர்த்த வேண்டும்.

எத்தனை விநாடி கொடுக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

நம் கேமரா ஒவ்வொரு புள்ளியையும் 0 முதல் 65,535 வரை எண்ணாகத் தருகிறது. விண்மீனின் நடுப்புள்ளி 65,535-ஐத் தொட்டுவிட்டால் அது நிரம்பிவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு ஒளி வந்தாலும் எண் ஏறாது. அழகுக்காக எடுக்கும் படத்தில் சில விண்மீன்கள் நிரம்பினால் குற்றமில்லை. விண்மீனின் ஒளியை அளக்க வேண்டுமானால் அந்த விண்மீனும், ஒப்பிடும் விண்மீன்களும் நிரம்பவே கூடாது. 10 விநாடிச் சோதனைப் படம் ஒன்றை எடுத்து உச்ச எண்ணைப் பாருங்கள். அது 8,000 என்றால் 40 விநாடியில் பின்னணியும் சேர்ந்து ஏறக்குறைய 32,000 வரும். சிசிடியின் சிறப்பே இந்த நேர்விகிதம்தான்.

டார்க், பிளாட், பயஸ் என்று ஏன் இத்தனை படங்கள்? ஒரு படம் போதாதா?

வானத்தை எடுத்த படத்தில் வானம் மட்டும் இருப்பதில்லை. இருள் மின்னோட்டம் இருக்கிறது. அதை ஒளி புகாமல் எடுத்த டார்க் படத்தால் கழிக்கிறோம். உணரியைப் படித்தெடுக்கும்போதே சேரும் அடிப்படை எண் இருக்கிறது. அதைத் தருவது மிகக் குறைந்த நேரத்தில், இருளில் எடுக்கும் பயஸ் படம். தூசியின் நிழலும் ஓரங்களின் மங்கலும் இருக்கின்றன. அவற்றைச் சீரான ஒளியை நோக்கி எடுத்த பிளாட் படத்தால் வகுத்து நீக்குகிறோம். ‘சிசிடி_ஃபிரேம்_டைப்’ பண்பில் ‘ஃபிரேம்_லைட்’, ‘ஃபிரேம்_டார்க்’, ‘ஃபிரேம்_பயஸ்’, ‘ஃபிரேம்_பிளாட்’ ஆகியவற்றில் வேண்டியதை ஆன் செய்துவிட்டுப் படமெடுக்க வேண்டும்.

டார்க் படத்தின் வெப்பநிலையும், ஒளிபடும் நேரமும், பின்னிங் (அடுத்தடுத்த புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் படித்தல்) அளவும் வானப்படத்தோடு ஒத்திருக்க வேண்டும். நிலையான வெப்பநிலை வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவே. பிளாட் படத்தை 25,000 எண்ணை ஒட்டி எடுங்கள். அந்தி வானத்தை நோக்கி எடுப்பவர்கள் விரைந்து செயல்பட வேண்டும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், சூரியன் மறைந்து 20 நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்திலேயே முதற்கட்ட அந்தி முடிந்துவிடும். கட்டளைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பவர்களுக்கே அந்த நேரம் போதுகிறது.

பின்னிங் செய்தால் படம் கெட்டுவிடும் என்று நண்பன் சொன்னான். உண்மையா?

நம் தொலைநோக்கிக்குப் பொருந்தாது. அதன் குவியத்தொலைவு 2032 மில்லிமீட்டர், 5.4 மைக்ரான் புள்ளி வானத்தில் 0.55 விகலையைப் பிடிக்கிறது (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு). காற்றின் அலைவால் விண்மீனே 2, 3 விகலை அகலத்திற்குப் பரந்து கிடக்கும்போது இத்தனை நுண்ணிய புள்ளிகளால் பயனில்லை. 2 × 2 பின்னிங்கில் நான்கு புள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து 1.1 விகலை ஆகின்றன. கோப்பும் ஏறத்தாழ 16.7 மெகாபைட்டிலிருந்து நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. குட்டைக் குவியத்தொலைவுள்ள தொலைநோக்கியில் நண்பர் சொல்வது சரியாக இருக்கும்.

பத்துப் படம் எடுக்கக் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி ஓட்டினேன். ஒரே ஒரு படம்தான் வந்தது. ஏன்?

செட்ப்ராப் கட்டளை படம் முடியும் வரை காத்திருப்பதில்லை. செய்தியைக் கொடுத்ததும் திரும்பிவிடும். ஆகவே உங்கள் பத்துக் கட்டளைகளும் ஒரு நொடிக்குள் கேமராவிடம் போய்ச் சேர்ந்திருக்கும். அவற்றுள் ஒன்று மட்டுமே முழுப் படமாக முடிந்திருக்கிறது. ஒவ்வொரு படத்திற்குப் பிறகும் காத்திருக்கச் சொல்ல வேண்டும். அதற்கு ‘இன்டி_இவால்’ என்னும் கட்டளை உண்டு. முன்பு சொன்ன நிலைகளை அது எண்களாகப் பார்க்கும்: ஓகே என்பது 1, பிஸி என்பது 2, அலர்ட் என்பது 3. எக்ஸ்போஷரின் நிலை 2 அல்லாததாக மாறும் வரை காத்திரு என்று எழுதலாம். அதன் இயல்பான பொறுமை 2 விநாடியே என்பதால், கால வரம்பை 0 என்று கொடுத்தால்தான் முடியும் வரை நிற்கும்.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. கட்டளை கொடுத்த மறுகணமே நிலையைக் கேட்டால், முந்தைய படத்தின் ஓகே இன்னும் மாறாமல் இருக்கலாம்; காத்திருக்கும் வரி உடனே தாண்டிவிடும். எனவே இரண்டுக்கும் நடுவில் 2 விநாடி உறங்கச் சொல்லும் ஒரு வரியைச் சேருங்கள். நிலை 3 என்று வந்தால் நிரல் நின்றுவிடும்படியும் எழுதுங்கள். இல்லையேல் கேமரா துண்டித்துக்கொண்ட பிறகும் நிரல் விடியும் வரை வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும்.

தவறாக 600 விநாடி கொடுத்துவிட்டேன். கன்ட்ரோல்-சி அழுத்தினேன், நிற்கவில்லையே?

கன்ட்ரோல்-சி உங்கள் நிரலை நிறுத்தியது, கேமராவை அன்று. சர்வர், டிரைவர், கட்டளை மூன்றும் வேறு வேறு என்று சொன்னதை நினைவில் கொள்ளுங்கள். கேமராவை நிறுத்த ‘சிசிடி_அபார்ட்_எக்ஸ்போஷர்’ பண்பில் ‘அபார்ட்’ கூறை ஆன் செய்ய வேண்டும். அதன் பிறகு நிலையைக் கேட்டு, பிஸி நீங்கியதை உறுதிசெய்துகொண்டே அடுத்த படத்தைத் தொடங்குங்கள்.

வைஃபை அறுந்ததும் எல்லாமே நின்றுவிட்டது. திரும்பவும் முதலிலிருந்தா?

எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தால், அதில் தொடங்கிய நிரல்களும் அதோடு சேர்ந்து மடிந்துவிடும். இதைத் தவிர்க்க, உள்ளே நுழைந்ததும் ‘டீமக்ஸ்’ (இணைப்பு அறுந்தாலும் நிரல்களை ஓடவைக்கும் மென்பொருள்) என்று தட்டி, அது திறக்கும் சாளரத்திற்குள் இன்டிசர்வரையும் உங்கள் நிரலையும் ஓட்டுங்கள். இணைப்பு போனாலும் அவை திடலில் ஓடிக்கொண்டே இருக்கும். மீண்டும் நுழைந்து ‘டீமக்ஸ் அட்டாச்’ என்று தட்டினால் விட்ட இடம் அப்படியே திரையில் வரும்.

இந்தப் படத்தை எத்தனை விநாடியில் எடுத்தோம் என்று இப்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

படத்திற்குள்ளேயே எழுதியிருக்கிறது. ஃபிட்ஸ் என்னும் இந்தக் கோப்பு வடிவம் 1981-இல் வெளியிடப்பட்டு, இன்றும் வானியலாளர் எல்லாரும் பயன்படுத்துவது. அதன் தலைப்பகுதி வெறும் எழுத்துகளால் ஆனது: ஒரு வரிக்கு 80 எழுத்து, 36 வரிகள் சேர்ந்து 2880 பைட் கொண்ட ஒரு தொகுதி. வரிக்கு நடுவே பிரிக்கும் குறி எதுவும் இல்லாததால் சாதாரணமாகத் திறந்தால் ஒரே ஓட்டமாகத் தெரியும். லினக்ஸின் ‘ஹெட்’ கட்டளையால் முதல் 5760 பைட்டை எடுத்து, ‘ஃபோல்ட்’ கட்டளையால் 80 எழுத்துக்கு ஒரு முறை மடக்கினால், வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அழகாக நிற்கும்.

அங்கே ‘எக்ஸ்ப்டைம்’ எதிரே விநாடி, ‘சிசிடி-டெம்ப்’ எதிரே வெப்பநிலை, ‘டேட்-ஆப்ஸ்’ எதிரே தொடங்கிய நேரம், ‘ஃபிரேம்’ எதிரே படத்தின் வகை இருக்கும். பெற்றோர் ஒருவர் இதைத் திரையில் கண்டபோது, படமே தன் பிறப்புச் சான்றிதழைச் சுமந்துகொண்டு வருகிறதே என்றார். அந்த வரிகளில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே அனுமதிக்கப்படும். கோப்புறைக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். எடுத்தவர் பெயரைத் தலைப்பகுதியில் எழுதுவதானால் ஆங்கில எழுத்தே வேண்டும்.

டார்க் என்றுதான் கட்டளை கொடுத்தேன், தலைப்பகுதியிலும் டார்க் என்றே இருக்கிறது. ஆனால் படத்தில் விண்மீன் தெரிகிறதே!

கேமராவைப் பொறுத்தது. நம் கேஏஎஃப்-8300 கேமராவில் ஷட்டர் உண்டு. டார்க் என்றதும் அது மூடிக்கொண்டு, ஒளி புகாமல் எடுக்கும். ஷட்டரே இல்லாத சிசிடி கேமராக்கள் பல உள்ளன. அவற்றிடம் டார்க் என்று சொன்னால் தலைப்பகுதியில் அப்படி எழுதிக்கொள்ளுமே தவிர, ஒளியைத் தடுக்க அவற்றிடம் எதுவும் இல்லை. தொலைநோக்கியின் மூடியை நீங்கள்தான் போட வேண்டும். தலைப்பகுதி நாம் சொன்னதைச் சொல்லும். நடந்ததைப் படப்புள்ளிகளே சொல்லும். டார்க் படத்தின் சராசரி எண்ணையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

திடீரென்று மின்னல் வெட்டத் தொடங்கினால் எதை முதலில் நிறுத்துவது?

உயிர்தான் முதலில். இடி தலைக்கு மேல் வந்துவிட்டால் மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கட்டடத்திற்குள் போய்விடுங்கள். கட்டளை தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். அடிவானத்தில் தொலைவில் மின்னும்போதே தொடங்கினால், ஓடும் படத்தை நிறுத்தி, வெப்பநிலையை 5 பாகை 5 பாகையாக உயர்த்தி, குளிரூட்டியை அணைத்து, கனெக்ஷன் பண்பில் ‘டிஸ்கனெக்ட்’ என்பதை ஆன் செய்து, பிறகு மின்சாரத்தை எடுக்கலாம்.

சிமோஸ் கேமரா வாங்கினால் இதெல்லாம் வீணாகிவிடுமா?

ஆகாது. சிசிடி உணரி உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சோனி நிறுவனம் 2015-இல் தெரிவித்த பிறகு புதிய கேமராக்கள் பெரும்பாலும் சிமோஸாகவே வருகின்றன. இன்டியில் அவற்றுக்கும் இதே பண்புப் பெயர்கள்தாம். ‘சிசிடி’ என்னும் முன்னொட்டுகூட அப்படியே இருக்கிறது. கெயின் (மின்பெருக்கத்தின் அளவு), ஆஃப்செட் (அடிப்படை எண்ணோடு கூட்டும் அளவு) என்னும் இரண்டு கூடும். டார்க் படத்தில் அவையும் ஒத்திருக்க வேண்டும்.

ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு எடுத்த படத்தில் சனிக்கிழமை தேதி போட்டிருக்கிறது. கேமராவின் கடிகாரம் கெட்டுவிட்டதா?

இல்லை. ‘டேட்-ஆப்ஸ்’ உலகப் பொதுநேரத்தில் எழுதப்படுகிறது; மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னே செல்கிறது. ஞாயிறு அதிகாலை 2 மணி என்பது பொதுநேரத்தில் சனிக்கிழமை மாலை 6 மணி. நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. இங்கே அந்தி முதல் விடியல் வரை முழு இரவும் பொதுநேரத்தின் ஒரே தேதிக்குள் அடங்கிவிடுகிறது. ஓர் இரவின் படங்களை ஒரே கோப்புறையில் வைக்க அந்தத் தேதியே போதும்.

கடிகாரம் உண்மையிலேயே தவறாக இருக்கவும் கூடும். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான பலகைகளில் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் இல்லை. 5-இல் இருந்தாலும் மின்கலத்தைத் தனியே வாங்கி இணைக்க வேண்டும். இணையம் இல்லாத திடலில் அதைத் தொடக்கினால் பழைய நேரத்திலிருந்தே ஓடும். ‘டேட்’ என்று தட்டிப் பாருங்கள். தவறென்றால் கைத்தொலைபேசியின் இணையத்தோடு சிறிது நேரம் இணைத்துச் சரிசெய்த பிறகே முதல் படத்தை எடுங்கள்.

ஒளி மாறும் விண்மீன்களை அளப்பவர்கள் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். தலைப்பகுதியில் இருப்பது படம் தொடங்கிய நேரம். அளவைக்கு வேண்டியது நடுநேரம். 120 விநாடிப் படமானால் 60 விநாடியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அடுத்து, அவர்கள் பயன்படுத்தும் ஜூலியன் நாள் எண் (மாதம், ஆண்டு இல்லாமல் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணுவது) பொதுநேர நண்பகலில் மாறுவது. அது நமக்கு இரவு 8 மணி. 2025 ஜனவரி 1 அன்று இரவு 8 மணிக்கு 2460677.0 என்று தொடங்கியது. ஏழரை மணிக்கே படமெடுக்கத் தொடங்கினால் முதல் அரை மணி நேரப் படங்கள் முந்தைய எண்ணில் இருக்கும். அதைக் கண்டு யாரும் திருத்திவிட வேண்டாம், அதுவே சரி.